பைக்குள் ஒரு பள்ளிக்கூட மணி

மாப்பிள்ளையூரணியை விட்டு டவுன் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். சாயங்காலம் நாலரை இருக்கும். தோளில் என் பழைய பை. உள்ளே இரண்டு சட்டை, ஒரு கைலி, தின்னரில் கழுவிய மூன்று பிரஷ்... அப்புறம் ஒரு பித்தளை மணி.

பூஜை மணி இல்லை. பள்ளிக்கூட மணி. மரக் கைப்பிடி போட்டது. கையில் தூக்கி ஆட்டினால் நாலு தெருவுக்குக் கேட்கும். நடக்கும்போது அடிக்கக் கூடாது என்று அதன் நாக்கில் ஒரு கிழிந்த பனியனைச் சுற்றிக் கட்டியிருந்தேன். அப்படியும் ஒவ்வொரு எட்டுக்கும் உள்ளே 'தொப்... தொப்...' என்று ஏதோ சொல்லிக்கொண்டே வந்தது. தூக்கத்தில் பேசுகிற ஆள் மாதிரி.

ஒரு பக்கம் உப்பளம். பாத்திகளில் வானம் படுத்துக் கிடந்தது. ஓலை போட்டு மூடிய உப்புக் குவியல்கள், யாரோ வரிசையாகக் கட்டிவிட்டுக் குடிவர மறந்துபோன வீடுகளைப் போல இருந்தன. அதற்கும் அப்பால் ஒரு புகைபோக்கி. வெக்கையில் அது லேசாக ஆடிக்கொண்டிருந்தது. புகைபோக்கி ஆடாது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் கொஞ்ச நேரம் நின்று, அது ஆடுவதைப் பார்த்தேன்.

ஷேர் ஆட்டோ ஒன்று வேகத்தைக் குறைத்தது. வேண்டாம் என்று கை காட்டினேன். ஒரு வேலை முடிந்து கிளம்பும்போது நடந்துதான் போவேன். வண்டியில் ஏறினால் விட்டு வந்த இடம் சட்டென்று மறைந்துவிடுகிறது. நடந்தால் கொஞ்ச தூரம் கூடவே வரும்.

அன்றைக்குக் கூட வந்தது ஒரு வீடு. அதில் ஒரு அம்மா, இரண்டு பிள்ளைகள்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என் படிப்பின் லட்சணம் தெரியும். எட்டாம் வகுப்பு பாதி. ஒரு நாள் ரீசஸ் மணி அடித்து வெளியே வந்தேன், திரும்ப உள்ளே வரச் சொல்லி மணி அடித்தபோது நான் லாரி ஒன்றின் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான் கதை. அதற்கப்புறம் ஹோட்டலில் மேஜை துடைத்தேன், ஹார்பரில் மூட்டை தூக்கினேன், உப்பளத்தில் உப்பு சுமந்தேன். உப்பில் காலில் புண் வந்து பெயின்டிங்குக்கு மாறினேன். மணிக்குப் பயந்து ஓடினவன்... ஆனால் பாருங்கள், நான் வேலை பார்த்த எல்லா இடத்திலும் ஒரு மணியோ சைரனோ இருந்தது. எங்கே ஓடினாலும் அது எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டிருந்தது.

அப்படிப்பட்டவனை ஒரு வீட்டில் கூப்பிட்டு, ஒரு ரூமை வகுப்பறையாக மாற்றித் தரச் சொன்னால் எப்படி இருக்கும்?

கூப்பிட்டவர் எஸ்தர் டீச்சர். நாசரேத் பக்கத்துக்காரர். அப்பா ஹெட்மாஸ்டராக இருந்தவர், இப்போது உயிரோடு இல்லை. எஸ்தரும் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம் டீச்சராக இருந்திருக்கிறார். கணவர் சாமுவேல் சரக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் கடலில். மூத்தவள் பிளெஸ்ஸிக்கு ஒன்பது வயது. சின்னவன் ஜோயலுக்கு ஆறு.

பிளெஸ்ஸி நன்றாகப் பேசுவாள். நான் வீட்டுக்குள் நுழைந்த ஐந்தாவது நிமிஷம், என் பெயர் என்ன, ஊர் எது, ஏன் ஒரு பல் இல்லை என்று எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டாள். ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னால் வார்த்தை தொண்டையில் மாட்டிக்கொள்ளும். முதல் எழுத்திலேயே நின்றுவிடுவாள். ஸ்கூலில் அவள் எழுந்து நின்றாலே கிளாஸ் சிரிக்கத் தயாராகிவிடுமாம். கொஞ்ச நாளில் வாசலில் வேன் ஹாரன் கேட்டாலே வாந்தி. அரைப் பரீட்சை லீவு முடிந்ததும் எஸ்தர் இரண்டு பிள்ளைகளையும் நிறுத்திவிட்டார். வீட்டிலேயே நானே சொல்லித் தருகிறேன் என்று.

சாமுவேலுக்கு அதில் சம்மதமில்லை. கப்பலிலிருந்து சிக்னல் கிடைக்கும்போது வீடியோ காலில் வருவார். நான் சுவரில் பட்டி தேய்த்துக்கொண்டிருந்த ஒரு நாள், ஸ்பீக்கரில் அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

"நானும் ஹாஸ்டல்ல படிச்சவன்தான் எஸ்தர். செத்தா போயிட்டேன்? ஜூன்ல நான் வாரப்ப அவ எம் முன்னால ஒரு பக்கம் வாசிக்கட்டும். வாசிக்கலன்னா ஹாஸ்டல்லதான் சேக்கணும்."

எஸ்தர் சரி என்றார். போனை வைத்துவிட்டுச் சுவரைக் கையை விரித்து அளந்து பார்த்தார். அப்புறம் என்னிடம், கரும்பலகை இன்னும் அகலமாக வேண்டும் என்றார்.

ஜூனுக்கு மூன்று மாதம்தான் இருந்தது. அந்தப் பயத்தில்தான் அந்த வகுப்பறை கட்டப்பட்டது. அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். எஸ்தரைக் குறை சொல்லத் தோன்றாது.

என்னவெல்லாம் செய்தோம் தெரியுமா? முன் ரூம் முழுக்க, இடுப்பு உயரம் வரை பச்சை, அதற்கு மேல் க்ரீம் கலர். அசல் ஸ்கூல் சுவர். ஒரு கரும்பலகை. இரண்டு டெஸ்க், இரண்டும் சுவரைப் பார்த்து — ஜன்னலைப் பார்த்தால் கவனம் சிதறுமாம். புத்தகம் அழுக்காகக் கூடாது என்று ஷெல்ஃப் உயரத்தில். அந்த உயரத்தில் துளை போட்டு அடித்தது நான்தான். கதவுக்கு நேர் மேலே ஒரு பெரிய கடிகாரம். பலகைக்கு மேலே, கொட்டை எழுத்தில், 'அமைதி காக்கவும்'. அதையும் எழுதியது நான்தான். என் கையெழுத்து நன்றாக இருக்கும். படிப்பு அங்கே மட்டும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.

அப்புறம் அந்த மணி. எஸ்தரின் அப்பா ரிட்டயர் ஆனபோது அவருடைய ஸ்கூலில் எலெக்ட்ரிக் பெல் வந்துவிட்டதாம். பழைய மணியைத் துடைத்து அவருக்கே நினைவுப் பரிசாகக் கொடுத்துவிட்டார்கள். அதை எஸ்தர் பீரோவிலிருந்து எடுத்து வந்தார்.

காலை ஒன்பது. 'டங் டங் டங்'. பிள்ளைகள் இருவரும் யூனிஃபார்ம் போட்டு, பின்வாசல் வழியாக வீட்டைச் சுற்றி நடந்து, முன்வாசல் வழியாக உள்ளே வருவார்கள். ஜெபம். அட்டெண்டன்ஸ். இரண்டே பேர். இருந்தாலும் பெயர் கூப்பிட வேண்டும். எழுந்து 'பிரசன்ட் மிஸ்' சொல்ல வேண்டும். நாற்பது நிமிஷத்துக்கு ஒரு மணி. அதில் ஒரு சட்டம் இருந்தது: ஒன்பது மணியிலிருந்து மூன்றரை வரைக்கும் அவர் மிஸ். மூன்றரைக்கு மேல்தான் அம்மா.

எனக்கு அது விளையாட்டாகத்தான் தெரிந்தது. ஜோயலுக்கும். லஞ்ச் நேரத்தில் தட்டை நீட்டி, "மிஸ், இன்னொரு மீன் துண்டு வைங்க" என்பான். எஸ்தர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வைப்பார்.

பிளெஸ்ஸி மட்டும் சிரிக்க மாட்டாள். அவள் சட்டம் என்றால் சட்டம். வாசிப்பு பீரியடில் எழுந்து நின்று, பலகையை வெறித்துக்கொண்டு, முதல் எழுத்தோடு போராடிக்கொண்டிருப்பாள். எஸ்தர் எதிரில் நின்று அவள் வாயையே பார்ப்பார். அந்தப் பார்வையில் கோபமே கிடையாது. கெஞ்சல். ஆனால் ஒரு பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதானோ என்னவோ... நான் திரும்பிக்கொண்டு ஜன்னல் கம்பிக்கு இரண்டாவது கோட்டிங் அடித்தேன்.

அது பத்தாவது நாள். மூன்றாவது பீரியட். கட்டுரை நோட்டு ஷெல்ஃபில் இருந்தது. எஸ்தர் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். பிளெஸ்ஸி அனுமதி கேட்காமல் — கேட்டால் அது ஒரு முழு வாக்கியம், அதுவும் எழுந்து நின்று சொல்ல வேண்டும் — நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். நாற்காலி சறுக்கியது. டெஸ்க் விளிம்பில் தாடை பட்டு விழுந்தாள்.

ரத்தத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சத்தம் கேட்டது.

"மிஸ்!"

வாசகர்களே, நான் நிறைய பேர் விழுந்து பார்த்தவன். நானே சாரத்திலிருந்து விழுந்திருக்கிறேன். ஹார்பரில் வடக்கேயிருந்து வந்து மூட்டை சுமக்கிறவர்கள் கால் இடறினால், பாஷை புரியாவிட்டாலும் அந்த ஒரு வார்த்தை புரியும். அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். எழுபது வயதுக் கிழவர் ஒருவர், மீன் மார்க்கெட்டில் வழுக்கி விழுந்தவர், கூப்பிட்டதும் அம்மாவைத்தான். அவருடைய அம்மா செத்து எத்தனை வருஷம் ஆகியிருக்கும்! அடிபட்டால் வாயில் வருவது அந்த வார்த்தைதான். யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

இந்தப் பிள்ளை 'மிஸ்' என்றது. அம்மா ஆறடி தூரத்தில் நிற்கிறாள்.

எஸ்தர் கையிலிருந்த சாக்பீஸ் விழுந்தது. ஓடி வந்து அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, சேலையால் தாடையை அழுத்தினார்.

"ஒண்ணுமில்லளா... ஒண்ணுமில்ல. அம்மா இருக்கேன். அம்மா இங்கன இருக்கேன்லா."

பிளெஸ்ஸி அழுகையை நிறுத்தி, நிமிர்ந்து, கதவுக்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தே முக்கால்.

"இன்னும் ஸ்கூல் விடலையே" என்றாள்.

பெயின்ட் வாசனை, ஃபேன் சத்தம். எஸ்தர் அழவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். என்னைப் பார்த்து, "பெயின்டர் அண்ணாச்சி, ஆட்டோ கூப்பிடுங்க" என்றார். மூன்று தையல்.

நான் ஜோயலோடு வீட்டில் இருந்தேன். அவன் மெதுவாக வந்து, "மாமா, இன்னைக்கு லீவா?" என்று கேட்டான். தெரியவில்லை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஏணி போட்டு அந்தக் கடிகாரத்தை இறக்கித் தரச் சொன்னான். பாவம், அக்காவுக்காக எதையோ செய்ய நினைக்கிறான் என்று இறக்கிக் கொடுத்தேன். பேட்டரியைக் கழற்றித் தன் பொம்மைக் காரில் போட்டுக்கொண்டான். கார் மேஜைக்கடியில் போய்விட்டது.

மறுநாள் மணி அடிக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. உடனே அந்த வீட்டில் ஆனந்தம் பொங்கிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மையில் பொங்கியது சண்டை. காலையிலிருந்து டிவி. ஜோயல் பக்கத்து வீட்டு மாடியில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றான். பிளெஸ்ஸி தாடையில் பிளாஸ்திரியோடு சுருண்டு படுத்திருந்தாள். எஸ்தர் அடுப்படியிலேயே இருந்தார். மணியும் கூடாது, மணி இல்லாமலும் ஓடாது... ஒரு வீட்டுக்கு இது என்ன கஷ்டம்!

என் வேலை முடியவில்லை. தொடரவா, நிறுத்தவா என்றும் அவர் சொல்லவில்லை. சும்மா உட்கார எனக்குத் தெரியாது. ஷெல்ஃபை மட்டும் கழற்றி, ஜோயலின் நெஞ்சு உயரத்தில் திரும்ப அடித்தேன். கேட்காமல் செய்த வேலை. மேலே இருந்த துளைகளைப் பட்டி வைத்து மூடிக்கொண்டிருந்தபோது, பிளெஸ்ஸி வந்து பின்னால் நின்றாள். பலகைக்கு மேலே என் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமோ.

அப்புறம் ஒரு கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, தூரத்திலிருந்தே 'அமைதி'யை மறைத்தாள். இன்னொரு கையால் 'வும்'மை மறைத்தாள்.

"காக்க" என்றாள். திக்கவே இல்லை. "அண்ணாச்சி, இதுக்கு ஒரு கால் போட்டா காக்கா."

நான் பார்த்தேன். ஆமாம். காக்க. துணைக்கால் ஒன்று போட்டால் காக்கா. அத்தனை பெரிய உத்தரவுக்குள் ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது. எழுதின எனக்குத் தெரியவில்லை.

அடுப்படியைப் பார்த்தேன். எஸ்தர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "அவ சொல்லுத மாதிரியே செஞ்சிருங்க அண்ணாச்சி" என்றார்.

க்ரீம் கலரில் இரண்டு பக்கமும் அழித்தேன். கறுப்பில் ஒரு கால் போட்டேன். இன்றைக்கும் அந்தச் சுவரில் பலகைக்கு மேலே 'காக்கா' என்று மட்டும் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் என்ன நினைப்பார்களோ, தெரியாது.

அன்றைக்கு மத்தியானம் எஸ்தர் ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தார். பழைய டைம்டேபிளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். எழுதுவார், அடிப்பார். கடைசியில் அவர் செய்தது ஒரே ஒரு மாற்றம் — நேரத்தை எடுத்துவிட்டார். வரிசையை மட்டும் வைத்துக்கொண்டார். எதற்குப் பின் எது என்பது மாறாது. எத்தனை மணிக்கு என்பது கிடையாது. மீன்காரர் ஹாரன் கேட்டால் கணக்கு. எத்தனை சாளை, எத்தனை பேருக்கு, ஆளுக்கு எத்தனை, மிச்சம் எத்தனை பூனைக்கு. தண்ணீர் லாரி வந்து போன பிறகு எழுத்து. லாரி ஒரு நாள் பத்துக்கு வரும், ஒரு நாள் பன்னிரண்டுக்கு வரும். வரட்டுமே. அதுவரை வரைவதோ, உலகப் படத்தை விரித்து அப்பாவின் கப்பல் இப்போது எங்கே இருக்கும் என்று தேடுவதோ.

டெஸ்க்குகளை ஜன்னல் பக்கம் திருப்பினோம். எஸ்தர் பயந்த மாதிரி கவனம் அப்படியொன்றும் ஓடிப்போகவில்லை. கொஞ்சம் வெளியே போய்விட்டுத் தானாகத் திரும்பி வந்தது. இடுப்பு உயரம் வரைக்கும் இருந்த பச்சையின் மேல் ஒரு பக்கம் முழுக்கக் கரும்பலகைப் பெயின்ட் அடித்துக் கொடுத்தேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம். முதலில் எழுதியது ஜோயல். தன் பெயரை, தலைகீழாக.

வாசிப்புக்கு மட்டும் வழி தெரியாமல் இருந்தது. அது தற்செயலாகக் கிடைத்தது. ஒரு காலை எஸ்தர் அருவாமணையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். பிளெஸ்ஸி அவர் முதுகில் சாய்ந்து உட்கார்ந்து, கதைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வாய்க்குள் முணுமுணுப்பு. எஸ்தர் திரும்பாமலே, "என்னளா அது, எனக்கும் சொல்லேன்" என்றார். அவள் வாசித்தாள். மூன்று இடத்தில் நின்றாள். எஸ்தர் திரும்பவில்லை, வெங்காயம் நறுக்குகிற சத்தம்கூட நிற்கவில்லை. அவள் மறுபடி தொடர்ந்தாள்.

முகத்தைப் பார்த்தால் நின்றுவிடுகிற வார்த்தை, முதுகைப் பார்த்தால் வருகிறது. இதை எந்த டைம்டேபிளில் எழுதுவீர்கள்? ஆனால் அதற்கப்புறம் அந்த வீட்டில் தினமும் வெங்காயம் நறுக்கப்பட்டது. தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும். எஸ்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருப்பார். வெங்காயத்தால்தான் என்று நானும் வைத்துக்கொண்டேன்.

சாமுவேல் மறுபடி கூப்பிட்டார். பின்னால் தெரிந்த சுவரைப் பார்த்துவிட்டு, அது என்ன காக்கா என்று கேட்டாராம். டைம்டேபிள் எங்கே என்று கேட்டாராம். எஸ்தர் மாற்றிவிட்டேன் என்றிருக்கிறார். கப்பலில் ஒரு நிமிஷம் பிந்தினால் என்ன ஆகும் தெரியுமா என்று அவர் ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, "ஜூன்ல பாப்போம்" என்று மட்டும் சொன்னாராம். விட்டுக் கொடுக்கவில்லை. ஆனால் ஹாஸ்டல் என்ற வார்த்தை அன்றைக்கு வரவில்லை என்று எஸ்தர் என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

நான் கிளம்புகிற சாயங்காலம், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றபோது, எஸ்தர் அந்த மணியைக் கொண்டு வந்தார்.

"இத நீங்க கொண்டு போங்க அண்ணாச்சி."

அப்பாவுடைய நினைவுப் பொருள் அல்லவா, எனக்கு எதற்கு என்றேன். பீரோவில் வைத்துப் பூட்டிவிடலாமே என்றேன்.

"பீரோ சாவி எங்கிட்டதான இருக்கு" என்றார். "மே மாசம் வரும். இவ ஒரு நாள் வாசிக்க மாட்டா. எனக்குப் பயம் வந்திரும். இது இங்கன இருந்துச்சுன்னா நான் அடிச்சிருவேன்."

அதனால்தான் அந்த மணி என் பையில்.

நடந்து முடிந்து டவுனுக்குள் வந்தபோது விளக்குப் போட்டுவிட்டார்கள். கொஞ்ச நேரம் கடற்கரையில் நின்றேன். ஹார்பருக்கு வெளியே, இடம் கிடைக்கக் காத்து நிற்கிற கப்பல்கள். தண்ணீரும் வானமும் ஒரே நிறம். கப்பல்கள் எதன் மேலும் நிற்காத மாதிரி நின்றன. அதில் ஏதோ ஒன்றில் ஒரு சாமுவேல் இருப்பான், அவன் வீட்டிலும் ஏதோ ஒரு டைம்டேபிள் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைய படுக்கை பஸ் ஸ்டாண்ட் பெஞ்சு. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

காலையில் டீக்கடை. பையைக் கீழே வைத்தேன். பனியன் அவிழ்ந்திருக்க வேண்டும். 'டங்!'

கடையில் அத்தனை பேரும் திரும்பினார்கள். பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டி நின்ற ஒரு பெரியவர் என் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்னவே, பைக்குள்ள மாட்டக் கெட்டிப் போட்டிருக்கீரா?"

எடுத்துக் காட்டினேன். வாங்கி, ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். ஐஸ் கம்பெனி வைத்திருக்கிறாராம். வண்டி தள்ள ஒரு ஆள் வேண்டுமாம்.

"வண்டி நம்மளுது. மணி அவனவனுது. ஒருத்தன் நேத்து மணியத் தூக்கிக்கிட்டு ஊருக்குப் போயிட்டான். நீரு வாரீரா?"

எந்த லைன் என்று கேட்டேன்.

"மாப்பிள்ளையூரணி."

விட்டு வந்த இடத்துக்குத் திரும்பிப் போவதில்லை என்பது என் பழக்கம். அதுவும் மறுநாளே. ஆனால் டீ பாதிதான் குடித்திருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வேறு வழி தெரியவில்லை. சரி என்றேன். வண்டியில் எழுத்தெல்லாம் வெளிறிப்போயிருந்தது. பிரஷ் கையில் இருந்ததால் அதையும் புதுசாக எழுதிக்கொண்டேன். பால் ஐஸ், சேமியா ஐஸ், மாங்கோ ஐஸ். கொட்டை எழுத்தில்.

அந்தத் தெருவில் திரும்பும்போது கை தானாகத் தயங்கியது. இந்த மணியை அங்கே அடிக்கலாமா? அடிக்காமல் தாண்டிவிட்டால் என்ன? ஆனால் அடுத்த வீட்டுப் பிள்ளை ஒன்று ஏற்கெனவே வாசலுக்கு வந்துவிட்டது. அடித்தேன்.

எஸ்தர் வீட்டுக் கதவு திறந்தது. பிளெஸ்ஸி. மணிச் சத்தத்தில் அவள் முகம் ஒரு கணம் சுருங்கியதை நான் பார்த்தேன். பிளாஸ்திரி ஒட்டிய தாடை இறுகியது. தோள் இரண்டும் நேராயின. அந்த ஒரு கணத்தில் ஓடிப்போய்விடலாமா என்று எனக்குத் தோன்றியது — ஐஸ் வண்டியோடு.

அப்புறம் அவள் வண்டியைப் பார்த்தாள். கேட் வரைக்கும் வந்தாள். எழுத்தைப் பார்த்தாள்.

"பால் ஐஸ்" என்றாள். "சே..."

நின்றுவிட்டது. "சே... சே..."

நான் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன். பெட்டியின் மூடியைச் சரிசெய்வது போல எதையோ செய்துகொண்டிருந்தேன். அடுத்த வீட்டுப் பிள்ளை தனக்கு எது வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தது. காற்றில் கொஞ்சம் உப்பு. அவசரம் யாருக்கும் இல்லை.

"சேமியா ஐஸ்" என்று என் முதுகுக்குப் பின்னால் கேட்டது. உடனே, அதைவிட இரண்டு மடங்கு சத்தத்தில், வீட்டுக்குள் பார்த்து:

"அம்மா... சேமியா ஐஸ் வந்திருக்கும்மா!"

உள்ளேயிருந்து எஸ்தரின் குரல், எத்தனை வேண்டும் என்று கேட்டது.

மணி என்ன இருக்கும்? தெரியாது. அந்த வீட்டுக் கடிகாரத்தின் பேட்டரி இன்னும் ஜோயலின் காரில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.